ஆயுத பூஜையன்று விழுந்த சிவப்பு வரி

சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸின் மாடியில், ஜன்னலே இல்லாத அறையில் இருந்தேன். ஜன்னல் வைக்காததற்குக் காரணம் உண்டு. வெளி வெளிச்சம் உள்ளே வந்தால் திரையில் தெரியும் நிறமும் தாளில் விழும் நிறமும் ஒத்துப்போகாது என்று அப்படிக் கட்டியிருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டால் காலையா மாலையா என்று தெரியாது. கீழே ஆப்செட் மெஷின் ஓடும்போது தரை அதிரும். அதிர்வு நின்றால் சாப்பாட்டு நேரம் என்று தெரிந்துகொள்வேன்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, கோவில்பட்டியில் செல்போன் ரிப்பேர் கடை, பெங்களூரில் கம்ப்யூட்டர் உதிரிகள் விற்கும் ஒரு சந்து என்று போய்க்கொண்டே இருந்தேன். எந்த ஊரிலும் இரண்டாவது தீபாவளி பார்த்ததில்லை. பட்டினி கிடந்ததும் காய்ச்சலோடு ரயிலில் கழிவறைப் பக்கம் படுத்து வந்ததும் உண்டு. அவை வரும், போகும். ஒரே இடத்தில் இருப்பதுதான் எனக்கு ஆகாது. சிவகாசிக்கு வந்ததும் ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்துக் கொடுத்துவிட்டு இரண்டொரு நாளில் கிளம்பத்தான்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் சாமிப் படங்களெல்லாம் தயாராகும். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்தைப் பூஜையில் வைத்து வெளியிட்டுவிட்டால் அதற்குப் பிறகு ஆர்டர் கொட்டும். மளிகைக் கடை, நகைக் கடை, பருப்பு மண்டி என்று ஒவ்வொருவர் பெயரையும் முருகனுக்கோ லட்சுமிக்கோ கீழே சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு படம் திறந்தாலே மெஷின் மூச்சு வாங்கும். அதனால் முதலாளி மதுரையிலிருந்து இரண்டு மெமரி அட்டைகளை வாங்கிவந்து, ஏற்கெனவே இருந்த இரண்டோடு சேர்த்துப் போட வைத்திருந்தார். நான்கு அட்டை, இரண்டு ஜாதி. மாட்டியவர் அட்டையின் மேல் அச்சிட்டிருந்த வேகத்தை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். கம்ப்யூட்டர் பறந்தது, பிறகு விழுந்தது. சில நாள் காலையில் விழும், சில நாள் சேமிக்கும் நேரத்தில் விழும். அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

மெமரியின் கதை பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஒரு தாளை எடு என்று சொல்வதற்கும் அது கைக்கு வருவதற்கும் நடுவே சில தாளங்கள் பொறுக்க வேண்டும். பதினாறு, பதினெட்டு, பதினெட்டு, முப்பத்தெட்டு என்று அந்தப் பொறுமைக்கு எண்கள் உண்டு. எண்ணைக் குறைத்தால் வேகம். ரொம்பக் குறைத்தால் தாள் வருமுன்னே கை மூடிக்கொள்ளும். வோல்ட்டைக் கொஞ்சம் ஏற்றினால் கை சுறுசுறுப்பாகும், கூடவே சூடும் ஏறும். சூடு ஏறினால் மெமரிக்கு மறதி கூடும். தன்னிடம் இருப்பதைத் தானே திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டால்தான் அதற்கு எதுவும் நினைவில் நிற்கும். நான்கு அட்டையும் ஒரே குணமாக இருந்தால் ஒரு மாலையில் முடிகிற வேலை. இவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒரு ஜோடிக்குப் பிடித்த எண் அடுத்த ஜோடிக்குப் பிடிக்காது.

மெமரிக்கு வோல்டேஜ் போதவில்லை என்று முதலாளியிடம் ஒருமுறை சொன்னேன். மறுநாள், வெளியிலிருந்து வரும் கரண்டைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று புதிதாக வந்து இறங்கியது. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. இன்றும் அது அறை மூலையில் இருக்கிறது.

எண்ணை மாற்றினால் மெஷினை அணைத்துப் போட வேண்டும், பிறகு சோதித்துப் பார்க்க வேண்டும். சீசனில் அதற்கு எனக்குக் கிடைத்தது சாப்பாட்டு இடைவேளை மட்டும். அதிலும் புதனும் வியாழனும் அந்த இடைவேளை ராகு காலத்தில் விழும். ராகு காலத்தில் மெஷினை அணைத்துப் போடக் கூடாது என்பது பிரஸ்ஸின் சட்டம். மற்ற நாட்களில் ஒரு எண்ணை மாற்றுவேன், பாதிச் சோதனையில் கீழே தரை அதிரத் தொடங்கும், எழுந்துகொள்வேன். முழுச் சோதனைக்குப் பல மணி நேரம் வேண்டும். இப்படியே ஆவணியும் போனது. இரண்டு நாளுக்கு வந்தவன் பாயும் வாளியும் வாங்கிவிட்டேன்.

அந்த மெஷினில் வேலை பார்த்தது ஓர் அக்கா. ஆனைக்குட்டத்திலிருந்து பட்டாசுக் கம்பெனி வேனிலேயே வந்து வழியில் இறங்கிக்கொள்வார். அவர் வீட்டில் எல்லோரும் பட்டாசில்தான். இவர் ஒருவர்தான் கம்ப்யூட்டர் படித்து மருந்து வாடையிலிருந்து தப்பித்து வந்தவர். நான் வருவதற்கு முன்பு ஒருநாள் அவர் சேமித்த முருகன் படம் ஒன்றில், மூக்குக்குக் கீழே பச்சையாக ஒரு பட்டை விழுந்துவிட்டது. அவர் பார்த்தபோது திரையில் இல்லை. சேமித்தபோது மெமரி உளறியிருக்கிறது. பிளேட்டும் போட்டு, தாளும் அச்சாகி அடுக்கடுக்காக நின்ற பிறகுதான் யாரோ கவனித்தார்கள். முருகனுக்குப் பச்சை மீசை வைத்துவிட்டாள் என்று சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்று, அவர் கை ராசியில்லாத கை என்று ஆனது.

வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் அன்றிலிருந்து கட்டிங் மெஷின்காரர் தினமும் மாடியேறி வந்து கம்ப்யூட்டரின் பட்டனை அமுக்கிவிட்டுப் போவார். அத்தனை வருடம் கத்திக்குக் கீழே கை கொடுத்தும் ஒரு விரல் போகாதவர் அவர். அப்படிப்பட்ட ராசிக்காரர் தொட்டு ஆரம்பித்தால்தான் அந்த மெஷினில் வேலை. அவர் வரும்வரை அக்கா சுவரோரமாக நின்றுகொண்டிருப்பார். வந்தவர் அமுக்கிவிட்டு, “ம், உக்காரும்மா” என்பார். இது தினமும் நடந்தது. அவர் விடுப்பு எடுத்த அன்று பாதி நாள் வேலை நடக்கவில்லை.

புரட்டாசியில் எனக்கு ஒரு வழி பிறந்தது. திருப்பூரில் என்னோடு தங்கியிருந்த ஒருவன் திருச்செங்கோட்டுப் போர்வெல் லாரியில் இருந்தான். விஜயதசமியன்று காலையில் பூஜை போட்டுவிட்டு லாரி ராஜஸ்தானுக்குக் கிளம்புகிறது, ஓர் ஆள் இடம் இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டான். ஊர் ஊராக நிலத்தைத் துளைத்துக்கொண்டு போகிற வேலை. வருகிறேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன். முதலாளியிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. அவர் மறுத்துப் பேசுகிற ஆள் இல்லை. சிரித்துக்கொண்டே கட்டிப்போடுகிறவர்.

“போயிக்கிடு தம்பி, யாரு பிடிச்சு வச்சா? இந்தப் பொட்டி நல்லாருக்குன்னு நீயே உன் வாயால சொல்லு. நானே பஸ் ஏத்தி விடுறேன்.”

சொல்ல வேண்டுமென்றால் முழுச் சோதனை ஓட வேண்டும். முழுச் சோதனைக்கு மெஷின் ஒரு நாள் சும்மா இருக்க வேண்டும். சீசனில் அது சும்மா இருக்கிற நாள் ஒன்றே ஒன்றுதான், ஆயுத பூஜை. அன்று எந்தக் கருவியையும் தொடக் கூடாது. கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்து சாமி முன்னால் வைத்துவிட வேண்டும். மறுநாள் காலை நல்ல நேரத்தில்தான் திரும்ப எடுக்க வேண்டும்.

அவரிடம் போய் நின்றேன். பூஜையன்று மெஷின் ஓடினால் பரவாயில்லையா என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. கருவிக்கு ஓய்வு கொடுப்பதற்குத்தானே பூஜை, அன்றைக்கும் அதைப் போட்டு அடிக்கச் சொல்கிறாயா என்றார்.

“அடிக்கலை அண்ணாச்சி. அன்னிக்கு யாரும் அதைத் தொட மாட்டோம். அது தன்னைத் தானே பாத்துக்கிடும்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்பச் சாமி முன்னாடியே பாத்துக்கிடட்டும்” என்றார்.

ஆக, ஆயுத பூஜையன்று காலையில் கம்ப்யூட்டரைக் கீழே தூக்கி வந்தோம். பிரஸ் தளத்தைக் கழுவி விட்டிருந்தார்கள். சரஸ்வதி படத்துக்கு முன்னால் பலகை போட்டு, கட்டிங் கத்திகள், ஸ்பானர்கள், மை கலக்கும் தகடுகள், புதிய ஆல்பம் எல்லாம் வரிசையாக இருந்தன. அவற்றின் நடுவில் கம்ப்யூட்டரை வைத்து, பென் டிரைவைச் செருகி, சோதனையை ஓடவிட்டேன். அட்டையில் அச்சிட்டிருந்த மூவாயிரத்து இருநூறிலிருந்து வேகத்தை முன்பே மூவாயிரமாக இறக்கியிருந்தேன். பொறுமை எண்களைப் பதினெட்டு, இருபது, இருபது, நாற்பது என்று தளர்த்தி, வோல்ட்டை ஒரு துளி ஏற்றியிருந்தேன். மாடியில் ஏசி அறையில் பாதிப் பாதியாக ஓட்டியபோதெல்லாம் அந்த எண்களில் ஒரு பிழையும் வந்ததில்லை. என் பையைக் கட்டி வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். சாயங்காலம் மதுரை பஸ், அங்கிருந்து திருச்செங்கோடு.

மதியம் வரை சுத்தம். ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கியது, அதுவும் முடிந்தது. வேனில் வந்திறங்கிய பைண்டிங் பெண்கள் ஒவ்வொருவராக வந்து திரையில் ஏறுகிற எண்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். என்ன ஓடுகிறது என்று கேட்டவர்களிடம் கட்டிங் மெஷின்காரர் நான் சொல்வதற்கு முன்பே, மெஷினுக்கு ரத்தப் பரிசோதனை, சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா பட்டுப்புடவையில் வந்திருந்தார். பக்கத்தில் வரவில்லை. தூணுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்.

பூஜை நேரம் வந்தது. ஐயர் திரைக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். அது சரியாகச் சதவீத எண்ணின் மேல் விழுந்துவிட்டதால் எத்தனை முடிந்தது என்று தெரியாமல் போனது. மானிட்டருக்குக் கதம்பம் சாத்தினார்கள். கதம்பத்தின் ஒரு முனை பெட்டியின் காற்றுத் துளைமேல் தொங்கியது. விளக்கு அணைந்துவிடும் என்று மின்விசிறிகளையெல்லாம் நிறுத்தினார்கள். ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். நூறு பேர் மூச்சு, குத்துவிளக்கு, சாம்பிராணி. என் முதுகில் வியர்வை ஓடியது. பெட்டிக்குள் எவ்வளவு சூடு ஏறியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கதம்பத்தை விலக்கலாமா என்று கையை நீட்டினேன். பக்கத்தில் நின்றவர் என் கையைத் தட்டிவிட்டார்.

சூடம் காட்டும்போது, மணி அடித்துக்கொண்டிருக்கையிலேயே, திரையின் கீழ்ப்பக்கம் சிவப்பாக ஒரு வரி வந்தது.

கருநீலத் திரையில் அதுவரை எல்லாம் வெள்ளை எழுத்து. இது மட்டும் குங்குமச் சிவப்பு. பிழை விழுந்தால்தான் சோதனை சிவப்பில் எழுதும். எனக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், “அம்மன் செவப்புல வந்துட்டா” என்றது. அடுத்த நொடி கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் தளம் முழுவதும் கேட்டது. முதலாளி கண்ணை மூடி, கைகளைத் தலைக்கு மேல் குவித்துவிட்டார். ஐயர் சூடத்தட்டை இன்னொரு முறை அந்த வரிக்கு நேராகச் சுற்றினார்.

பொரியும் கடலையும் கொடுத்துக்கொண்டிருந்தபோது முதலாளியின் பக்கத்தில் போனேன். அந்தச் சிவப்பு நல்லதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் விரலை உயர்த்தினார்.

“நல்ல நாள் அதுவுமா எந்தக் குறையும் சொல்லாத. உத்தரவு கெடச்சிருச்சு. நீ கிளம்பு, சந்தோசமாப் போயிட்டு வா.”

பிறகு அக்காவைக் கூப்பிட்டார். எல்லோரும் கேட்கும்படியே சொன்னார். அம்மனே வந்த மெஷினுக்கு இனி ராசிக் கை பார்க்க வேண்டியதில்லை, நாளைக்குக் காலையில் அக்காதான் தொட்டு ஆரம்பிக்க வேண்டும், இனிமேல் வேறு யாரும் மாடியேற வேண்டாம். கட்டிங் மெஷின்காரருக்கும் அதில் வருத்தமில்லை, முழங்கால் வலி மிச்சம் என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

வேன் வந்து ஹாரன் அடித்தது. பொரிப் பொட்டலங்களோடு பெண்கள் ஏறினார்கள். அக்கா ஏறாமல் கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்து நின்றார்.

“தம்பி, இத்தனை நாள் நீ இதைச் சோதிக்கிறப்ப ஒரு தடவைகூடச் செவப்பு வந்து நான் பாத்ததில்ல. நல்லதா, கெட்டதா?”

“கெட்டதுதான்கா.”

“எம்புட்டு?”

ஒரே ஒரு பிழைதான் என்றேன். சூட்டில் மறந்திருக்கிறது. மறுபடி ஒரு மாதம் மறக்காமலும் ஓடலாம், நாளைக்கே மறக்கலாம். மின்சாரம் போய் ஏசி நின்றால் மாடியிலும் இதே சூடுதான் வரும். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். திரையிலிருந்த சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

“அண்ணாச்சிட்ட சொன்னியா?”

“சொல்ல விடலக்கா.”

“விட மாட்டாக.” வேனைத் திரும்பிப் பார்த்தார். “சரி, நீ கிளம்பு. ஒனக்குப் பஸ்ஸு போயிரும்.”

அவர் என்னை இருக்கச் சொல்லாமலே வேனில் ஏறிக்கொண்டார். சொல்லியிருந்தால் ஏதாவது காரணம் காட்டிக் கிளம்பியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள், இரண்டு பேருமே. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஷட்டர் வரை போனேன். சாலையில் வாழைக்கன்று கட்டிய ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன. உடைத்த பூசணியின் மேல் ஒருவன் வண்டியை ஏற்றிச் சறுக்கினான். ராஜஸ்தானில் இந்நேரம் குளிர் தொடங்கியிருக்குமா என்று யோசித்தேன். நாளைக் காலையில் அக்கா பட்டனை அமுக்குவார், முதலாளியும் சுற்றி எல்லோரும் நிற்பார்கள், அவர் ஒரு லட்சுமியைத் திறந்து சேமிப்பார் என்பதையும் யோசித்தேன். அடுத்த பட்டை எந்தச் சாமியின் மூக்குக்குக் கீழே விழுந்தாலும், அம்மனே உத்தரவு கொடுத்த மெஷினைக் கெடுத்த கை என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பிறகு பட்டாசு வேன் அவரை வழியில் இறக்கிவிடாது, கம்பெனி வரைக்கும் கொண்டுபோய்விடும்.

திரும்பி வந்து பையைப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

வேகத்தை இரண்டாயிரத்து நானூறுக்கு இறக்கினேன். ஏற்றியிருந்த வோல்ட்டை எடுத்துவிட்டு, அட்டை பிறந்தபோது இருந்த 1.2-லேயே வைத்தேன். எண்களையெல்லாம் மெஷினே கேட்ட அளவுக்கு விட்டேன். மூன்று மாதம் நான் வெட்டி ஒட்டிக் காப்பாற்றி வைத்த வேகம் அவ்வளவும் போனது. சோதனையைத் தொடங்கினேன். அதே சூடு வேண்டும் என்று மின்விசிறியைப் போடவில்லை, கதம்பத்தையும் எடுக்கவில்லை. வாட்ச்மேன் வந்து, பண்டிகைக்கு வீட்டுக்குப் போக வேண்டும், உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார். பூட்டுங்கள் என்றேன். வெளியே சங்கிலி இழுபடுவதைக் கேட்டுக்கொண்டு கழுவிய தரையில் படுத்தேன். வியர்வையில் சட்டை தரையோடு ஒட்டிக்கொண்டது. நண்பன் இரண்டு முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை. எடுத்தால் போகச் சொல்கிறவர்களோடு அவனும் சேர்ந்துகொள்வான்.

காலையில் வாட்ச்மேன் திறந்தபோது திரையில் ஒரு சிவப்பும் இல்லை.

நல்ல நேரத்தில் அக்கா வந்து தொட்டார். மெஷின் எழுந்தது. லட்சுமி படம் திறக்க வழக்கத்தைவிட நேரமானது. சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். படம் வந்தது, சேமித்தார், மறுபடி திறந்து நுனியிலிருந்து நுனி வரை பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. என்னிடம் மட்டும் கேட்கிற குரலில், “என்ன தம்பி, செனை மாடு மாதிரி அசையுது” என்றார். அதுதான் விலை என்றேன். முதலாளிக்கும் அது மெதுவாகிவிட்டது தெரிந்தது. பூஜை போட்ட மெஷின் நிதானமாகத்தான் போகும் என்று அவரே எல்லோருக்கும் விளக்கம் சொன்னார்.

என்னைப் பார்த்ததும் பஸ் போய்விட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். லாரியும் போய்விட்டது. என் இடத்துக்கு நாமக்கல்காரன் ஒருவனை ஏற்றிக்கொண்டார்களாம். நண்பன் திட்டவில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னான். அடுத்த வருடம் என்ற சொல் எனக்குப் பழக்கமில்லை.

அன்று மதியமே முதலாளி கணக்குப்பிள்ளை அறையிலிருந்த கம்ப்யூட்டரையும், தன் மைத்துனர் கம்பெனியிலிருந்து இன்னும் இரண்டையும் கொண்டுவந்து மாடியில் இறக்கினார். மூன்றிலும் சந்தனம் ஈரமாக இருந்தது. இவற்றிலும் அந்தச் சிவப்பு வரி வர வேண்டும், வந்ததும் சொல், சூடம் காட்ட வேண்டும் என்றார். அந்தச் சிவப்பு என்னவென்று அவரிடம் சொல்ல அன்று மறுபடியும் முயன்றேன். அக்கா திரையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். விட்டுவிட்டேன்.

மூன்று மெஷினும் எளிய மெஷின்கள், ஒரே ஜாதி அட்டை, யாரும் வேகத்தைத் தொட்டதில்லை. நாள் கணக்கில் ஓட்டினேன். வெள்ளை எழுத்தாகவே ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி தினமும் வந்து கதவைத் திறந்து, கீழே குனிந்து, திரையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பார். நாலைந்து நாள் பொறுத்தார். பிறகு ஒருநாள் என் முதுகில் கையை வைத்தார்.

“ஏலே, எனக்குத் தெரியும்லே. செவப்பு வந்தா உன்னை அனுப்பிருவேன்னுதான் நீ வரவிடாம வச்சிருக்க. நான் எங்க போகச் சொன்னேன்? இருந்துட்டுப் போ.”

கதவைச் சாத்திவிட்டுப் போனார். கீழே ஆப்செட் மெஷினைப் போட்டார்கள், தரை அதிரத் தொடங்கியது. திரையில் ஒரு சுற்று முடிந்து அடுத்தது தானாகவே தொடங்கியது.